கரையானுக்குச் சவால் விட்ட ‘ஆஸ்கு’: மரத்துக்கு ஆயுள் கூட்டிய காமேசம் யார்? கொங்கு விவசாயிக்கு இதில் என்ன இருக்கு?

தோட்டத்து வரப்பில் மலைவேம்பு, காலி நிலத்தில் சவுக்கு, வேலி ஓரமாக நாலு வரிசை தேக்கு. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் தென்னையோடும் மஞ்சளோடும் இப்போது மரப்பயிரும் சேர்ந்துவிட்டது. வளர்க்கிறவருக்கும் சரி, வாங்குகிறவருக்கும் சரி, கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த மரம் எத்தனை வருஷம் தாங்கும்?

சுமார் 90 ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு ஆய்வகத்தில் உட்கார்ந்தவர் சொண்டி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி. அவர் கண்டுபிடித்த மருந்து உலகம் முழுக்கப் போனது. கோடிக்கணக்கான கம்பங்களும் வேலிக்கால்களும் அந்த மருந்தைக் குடித்துத்தான் மண்ணில் நின்றன. பின்னாளில் அதே மருந்துக்குப் பல நாடுகள் கட்டுப்பாடும் போட்டன. இதெல்லாம் ஏன் நடந்தது, நம்ம ஊர் மரத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்பு? பார்க்கலாம்.

மரம் ஏன் கெட்டுப்போகிறது?

வயசானதால் மட்டும் மரம் கெடுவதில்லை. நனையாமல், பூச்சி அண்டாமல் இருந்தால் பல நூறு ஆண்டுகள்கூட இருக்கும். பழைய கோயில் தேர்களும் செட்டிநாட்டு வீட்டுத் தூண்களும் அதற்குச் சாட்சி. மரத்தைச் சாப்பாடாகப் பார்க்கிற உயிர்கள் வந்து சேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் ஆள் பூஞ்சை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மரத்தை மக்க வைக்கும் பூஞ்சையால் வளர முடியாது. ஈரம் ஏறினால் உள்ளே நுழைந்து மரத்தின் நாரையே கரைத்துத் தின்னும். கைவைத்தால் பொலபொலவென உதிர்கிற அளவுக்கு மரம் இற்றுப்போகும்.

இரண்டாவது ஆள் கரையான். மரத்தில் இருக்கிற செல்லுலோஸ்தான் இதன் உணவு. சில வகைக் கரையான்களின் குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் செரிக்க உதவுகின்றன. நம்ம ஊரில் புற்று கட்டும் கரையான்களோ புற்றுக்குள்ளேயே பூஞ்சைத் தோட்டம் போட்டு, அதன் உதவியோடு மரத்தைச் சத்தாக மாற்றிக்கொள்கின்றன.

மூன்றாவது ஆள் வண்டு. மாவு மாவாகத் தூள் கொட்டுகிறதே, ‘மரம் உளுத்துப் போச்சு’ என்கிறோமே, அது பெரும்பாலும் இந்த வண்டின் புழு செய்யும் வேலை. மரத்தில் மிச்சமிருக்கும் மாவுச்சத்துதான் இதற்கு வேண்டும்.

வேலிக்கால் எப்போதும் தரைமட்டத்தில்தானே ஒடிகிறது, கவனித்திருக்கிறீர்களா? மேலே காற்று உண்டு, ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆழத்தில் ஈரம் உண்டு, ஆனால் காற்று குறைவு. இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது தரைமட்டத்தில்தான். பூஞ்சைக்கு அது விருந்து.

வைரம் பாய்ந்த மரம் என்றால் என்ன?

ஆசாரிகள் மரத்தை வெட்டிப் பார்த்ததும் சொல்லும் வார்த்தை ‘வைரம்’. மரத்தின் நடுவில் கருத்து, இறுகி இருக்கும் பகுதி. அதைச் சுற்றி வெளுப்பாக இருப்பது வெள்ளைப் பகுதி.

மரம் உயிரோடு இருக்கும்போது வேரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோவதும் மாவுச்சத்தைச் சேமித்து வைப்பதும் இந்த வெள்ளைப் பகுதிதான். வயசாக ஆக உட்பகுதி அந்த வேலையை நிறுத்திக்கொள்கிறது. அப்போது மரம் தானே சில வேதிப்பொருட்களை அங்கே நிரப்பி வைக்கிறது. தேக்கில் டெக்டோகுவினோன் என்ற பொருள் இப்படித்தான் சேர்கிறது. கரையானுக்கு அது ஆகாது.

அதனால் ‘தேக்கு கரையான் பிடிக்காது’ என்பது பாதி உண்மைதான். பிடிக்காதது தேக்கின் வைரத்தை. வெள்ளைப் பகுதியை அது விட்டுவைக்காது. எந்த மரமாக இருந்தாலும் வெள்ளைப் பகுதி பலவீனமானதுதான்.

நம்ம முன்னோர்களும் இதைத் தெரிந்தே நடந்தார்கள். முற்றிய பனையைத்தான் கூரைக்கு எடுத்தார்கள். மரத்தையும் மூங்கிலையும் குளத்தில் பல வாரம் ஊறப்போட்டார்கள். ஊறும்போது மாவுச்சத்து கரைந்து வெளியேறுவதால் வண்டு வருவது குறையும். அறிவியல் ரீதியாகவும் இது சரியான பழக்கம்தான். ஆனால் கரையானுக்கும் மண் ஈரத்துக்கும் இது மட்டும் போதாது.

டேராடூனில் என்ன நடந்தது?

1906-ல் டேராடூனில் இம்பீரியல் வன ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று எஃப்.ஆர்.ஐ. என்று அழைக்கப்படுவது இதுதான். பல சினிமாக்களில் வரும் அந்தப் பிரமாண்டமான செங்கல் கட்டடம் 1929-ல் திறக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் மரத்துக்கான தேவை எக்கச்சக்கம். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டை, தந்திக் கம்பம், பாலம் எல்லாமே மரம். மண்ணில் கிடந்தாலும் தாங்கும் மரங்கள் என்று பார்த்தால் தேக்கு, சால், தேவதாரு எனச் சில வகைகள்தான். மற்ற மரங்கள் மலிவாகவும் நிறையவும் கிடைத்தன. ஆனால் நட்ட சில வருஷங்களிலேயே போய்விடும்.

அந்த மலிவு மரத்துக்கு ஆயுள் கூட்ட முடிந்தால் நல்ல மரக் காடுகள் மீதான சுமை குறையும், செலவும் குறையும். இதுதான் மரப் பாதுகாப்பு ஆய்வின் நோக்கம்.

மருந்துகள் ஏற்கெனவே இருந்தன. 1832-ல் இங்கிலாந்தில் பாதரச உப்பை வைத்து ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அது கடும் விஷம். 1838-ல் ஜான் பெத்தேல் என்பவர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் கிரியோசோட் எண்ணெயை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். பழைய ரயில்வே கட்டைகளில் ஒரு கருப்பு எண்ணெய் நெடி வருமே, அது கிரியோசோட்தான். நன்றாக வேலை செய்யும். ஆனால் நாற்றம் தாங்காது, கையில் ஒட்டும், மேலே பெயின்ட் நிற்காது.

தண்ணீரில் கரையும் உப்புகளைப் பயன்படுத்தினால் நாற்றமும் பிசுபிசுப்பும் இருக்காது. ஆனால் தண்ணீரில் கரைந்து உள்ளே போகும் மருந்து, மழை பெய்தால் அதே தண்ணீரில் கரைந்து வெளியே வந்துவிடுமே? அங்கேதான் எல்லோரும் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

காமேசம் போட்ட முடிச்சு

ரிச்சர்டு ஃபால்க் என்ற ஜெர்மன் பூஞ்சை ஆய்வாளரும் காமேசமும் சேர்ந்து ஆர்செனிக்கையும் குரோமியத்தையும் கலந்து ஒரு மருந்தை முதலில் உருவாக்கினார்கள். இருவர் பெயரையும் இணைத்து அதற்கு ‘ஃபால்க்காமேசம்’ என்று பெயர். இன்னொரு பக்கம், செம்பும் குரோமியமும் சேர்ந்த மருந்து பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்திருந்தது.

1933-ல் டேராடூனில் காமேசம் இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தார். செம்பு, குரோமியம், ஆர்செனிக். ஆங்கில முதலெழுத்துகளை வைத்து உலகம் இதை ‘சிசிஏ’ என்கிறது. இந்தியாவில் பிரபலமான பெயர் ‘ஆஸ்கு’. ஆர்செனிக்கின் வேதிக் குறியீடு ‘ஏஎஸ்’, செம்பின் குறியீடு ‘சியு’. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஆஸ்கு!

சிவில் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு இதன் கணக்கு ஞாபகம் இருக்கலாம். ஆர்செனிக் பென்டாக்சைடு 1 பங்கு, மயில்துத்தம் 3 பங்கு, பொட்டாசியம் அல்லது சோடியம் டைகுரோமேட் 4 பங்கு. இந்தத் தூள் 6 பங்கை 100 பங்கு தண்ணீரில் கரைப்பார்கள்.

மூன்றும் என்ன வேலை செய்கின்றன?

செம்பு: மயில்துத்தம் விவசாயிகளுக்குப் புதுசு இல்லை. பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையில் இருப்பதும் இதுதான். மரத்திலும் இதன் வேலை பூஞ்சையைத் தடுப்பதே.

ஆர்செனிக்: நம்ம வழக்கில் பாஷாணம். கரையானையும் வண்டையும் கொல்லும். செம்புக்கே அசராத சில பூஞ்சைகள் உண்டு. அவற்றையும் இது பார்த்துக்கொள்ளும்.

குரோமியம்: இது பூஞ்சையையோ பூச்சியையோ கொல்வதற்காகச் சேர்த்தது இல்லை. மற்ற இரண்டையும் கட்டிப்போடுவதுதான் இதன் முக்கிய வேலை. உள்ளே போன குரோமியம் மரத்தோடு வினைபுரிந்து வேறு வடிவத்துக்கு மாறுகிறது. மாறும்போது செம்பையும் ஆர்செனிக்கையும் எளிதில் கரையாத உப்புகளாக்கி மரத்தோடு பிணைத்துவிடுகிறது.

மழைக்குக் கரைந்து ஓடாத மருந்து இப்படித்தான் கிடைத்தது. நாற்றமில்லை, காய்ந்த பிறகு பெயின்டும் அடிக்கலாம். இந்த மருந்து ஏறிய மரம் லேசான பச்சை நிறத்தில் இருக்கும்.

மேலே பூசினால் போதாதா?

போதாது. பெயின்ட் மாதிரி பூசினால் மருந்து மேல்தோலோடு நின்றுவிடும். ஒரு வெடிப்பு விழுந்தால் கரையானுக்குக் கதவு திறந்த மாதிரி.

அதனால் ஆலைகளில் இதற்கென்றே நீளமான இரும்பு உருளைத் தொட்டி இருக்கும். நன்றாகக் காய்ந்த மரத்தை உள்ளே அடுக்கி மூடுவார்கள். முதலில் தொட்டிக்குள்ளும் மரத்துக்குள்ளும் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு மருந்துக் கரைசலை நிரப்பி அழுத்தம் கொடுப்பார்கள். காற்று இருந்த இடத்துக்கு மருந்து போய்விடும். வெளியே எடுத்த மரத்தைச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை அப்படியே வைக்க வேண்டும். மருந்து மரத்தோடு பிணைய அவ்வளவு நேரம் தேவை.

இதில் கவனிக்க வேண்டியது, வைரம் பாய்ந்த பகுதிக்குள் மருந்து சுலபமாகப் போகாது. வெள்ளைப் பகுதிதான் மருந்தை நன்றாகக் குடிக்கும். சீக்கிரம் கெட்டுப்போகிற பகுதிக்குத்தான் மருந்து ஏற்றுவதும் சுலபம்!

உலகம் எப்படி நம்பியது?

காமேசத்தின் கண்டுபிடிப்புக்கு 1938 பிப்ரவரி 1-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதன் எண் 2106978. அமெரிக்காவில் இதை முதலில் கையில் எடுத்தவர்களில் பெல் டெலிபோன் நிறுவனம் முக்கியமானது. டெலிபோன் கம்பங்களுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த அவர்களுக்கு இது சரியாகப் பொருந்தியது.

மரத்துக்கு மருந்து வேலை செய்கிறதா என்று ஒரு மாதத்தில் சொல்லிவிட முடியாது. குச்சிகளைப் பாதி அளவுக்கு மண்ணில் புதைத்து வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வரிசை வரிசையாக நட்டிருப்பது கல்லறைத் தோட்டம் போலத் தெரிவதால் ஆய்வாளர்கள் இதை ‘மயானச் சோதனை’ என்கிறார்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் ஈர மண்ணில் நட்ட சிசிஏ குச்சிகள் பல பத்தாண்டுகள் தாண்டியும் நின்றன.

இந்தியாவிலும் மரங்களின் ஆயுள் இதே சோதனையில்தான் கணக்கிடப்படுகிறது. சராசரியாக 120 மாதங்களுக்கு மேல் தாங்கினால் முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதம் என்றால் இரண்டாம் வகுப்பு. 60 மாதத்துக்குள் போய்விட்டால் மூன்றாம் வகுப்பு. மரப் பாதுகாப்புக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 401 இந்த வகைப்பாட்டைத்தான் பின்பற்றுகிறது.

அப்புறம் ஏன் கட்டுப்பாடு வந்தது?

ஆர்செனிக் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். மருந்து தயாரிக்கும் கட்டத்தில் இருக்கும் குரோமியமும் அப்படித்தான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இரண்டையுமே முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

மருந்து மரத்தோடு பிணைந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் நூற்றுக்கு நூறு பிணைவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி மண்ணில் சேர்கிறது. மேற்கத்திய நாடுகளில் வீட்டுத் தளம், பூங்கா பெஞ்ச், குழந்தைகளின் ஊஞ்சல் வரைக்கும் இந்த மரத்தில் செய்தார்கள். குழந்தை மரத்தைத் தொட்டுவிட்டுக் கையை வாயில் வைத்தால்? இந்தக் கேள்வி பெரிதானது.

முடிவில், அமெரிக்காவில் 2003 டிசம்பர் 31-க்குப் பிறகு பெரும்பாலான வீட்டு உபயோக மரங்களுக்கு சிசிஏ ஏற்றுவது நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மின்கம்பம், கடல் தூண் போன்ற சில பயன்பாடுகளுக்கு அமெரிக்கா தொடர்ந்து அனுமதித்தது.

இதைவிட ஆபத்து, பழைய மரத்தை எரிப்பது. எரித்தால் ஆர்செனிக் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். மரம் சாம்பலாகிவிடும். பாஷாணம் அழியாது.

அப்போ காமேசம் செய்தது தவறா? அப்படிச் சொல்ல முடியாது. தந்திக் கம்பத்துக்கும் பாலத்துக்கும் பொருந்திய மருந்து, குழந்தை விளையாடும் இடத்துக்குப் பொருந்தவில்லை. எந்த மரத்தை எங்கே வைக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மருந்தைத் தேர்வு செய்ய வேண்டும்.

மாற்று என்ன?

ஆர்செனிக்குக்குப் பதிலாகப் போரான் சேர்த்த ‘சிசிபி’ இந்தியாவில் உண்டு. ஆர்செனிக்கும் குரோமியமும் இல்லாத செம்பு மருந்துகள் வெளிநாடுகளில் அதிகம் பயன்படுகின்றன. வீட்டுக்குள் மட்டும் இருக்கப்போகும் மரத்துக்கு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் போதும். மனிதர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் மழையில் நனைந்தால் கரைந்து போய்விடும். கன்னியாகுமரி, கேரளப் பக்கத்து ரப்பர் மரம் இன்று நாற்காலியாகவும் கட்டிலாகவும் கடைக்கு வருவதற்கு இந்தப் போரான் மருந்து முக்கியக் காரணம்.

கொங்கு மண்டலத்துக்கு இதில் என்ன?

கோவை ஆர்.எஸ்.புரத்தில் வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனம் இருக்கிறது. நல்ல வகை சவுக்கு, தேக்கு, தைல மரங்களை உருவாக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் இது. மேட்டுப்பாளையத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி இருக்கிறது. இரண்டு இடங்களிலும் முக்கிய நோக்கங்களில் ஒன்று, விவசாயிக்குக் குறைந்த காலத்தில் அதிக மரம் கிடைக்க வேண்டும் என்பது.

இங்கேதான் காமேசத்தின் கேள்வி திரும்ப வருகிறது. ஆனைமலைக் காட்டில் பல பத்தாண்டுகள் வளர்ந்த தேக்கில் வைரம் அதிகம். தோட்டத்தில் சில வருஷங்களில் வெட்டும் மரத்தில் வெள்ளைப் பகுதிதான் அதிகம். அதே ‘தேக்கு’ என்ற பெயர் இருந்தாலும் தாங்கும் காலம் ஒன்றாக இருக்காது. இளம் மரத்துக்கு நல்ல விலை கிடைக்கணும்னா, அதைப் பதப்படுத்தும் வசதியும் பக்கத்தில் இருக்கணும். வெள்ளைப் பகுதி மருந்தைச் சுலபமாகக் குடிக்கும் என்பதால் அறிவியல் இதற்குச் சாதகமாகவே இருக்கிறது.

கோவை பம்ப் செட், மோட்டார் கம்பெனிகளுக்கு இன்னொரு விஷயம். ஏற்றுமதிக்குப் போகும் மரப்பெட்டியில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்கும். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் தொடர்ந்து 30 நிமிடம் வைத்தது போல, சர்வதேச விதிப்படி பதப்படுத்தியதற்கான அடையாளம் அது. இந்தச் சூடு உள்ளே இருக்கும் பூச்சியைக் கொல்லும். ஆனால் நாளைக்கு வரப்போகும் கரையானைத் தடுக்காது. முத்திரை இருக்கிறதே என்று அந்தப் பலகையை வேலிக்கு நட்டால் ஏமாற்றம்தான்.

மரம் வாங்கும்போது இதைக் கேளுங்க

1. வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு? வெட்டுமுகத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரியும். கதவு நிலைக்கு வெள்ளைப் பகுதி இருக்கும் மரத்தைத் தவிர்க்கப் பாருங்கள்.

2. மரம் காய்ந்ததா? ஈர மரத்தில் மருந்து சரியாக ஏறாது, பின்னால் வெடிப்பும் விடும்.

3. மருந்து போட்டது என்றால், என்ன மருந்து? அழுத்தத்தில் ஏற்றியதா, வெறுமனே பூசியதா? பில்லில் எழுதி வாங்குங்கள்.

4. மருந்து ஏற்றிய மரத்தை அறுத்தால் வெட்டின முனையில் மருந்து எட்டாத பகுதி வெளியே தெரியும். அந்த முனைக்குத் திரும்ப மருந்து பூச வேண்டும். மண்ணில் நடும்போது அந்த முனை மேலே இருப்பது நல்லது.

5. பச்சை நிறமேறிய பழைய மரத்தை விறகாக்காதீர்கள். அந்த மரத்தூளை மாட்டுக் கொட்டகையில் பரப்பாதீர்கள். அறுக்கும்போது மாஸ்க் கட்டாயம்.

6. மயில்துத்தம் கடையில் கிடைக்கிறது என்பதற்காக இந்தக் கலவையை வீட்டில் தயாரிக்க முயலவே கூடாது.

மருந்தைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது. தண்ணீர் தேங்காமல், மண்ணோடு ஒட்டாமல் மரத்தை வைப்பது. கல் மேல் நிற்கும் தூணும், தாழ்வாரம் நீண்ட கூரையும், காற்றோட்டமான அறையும் காசு செலவில்லாத பாதுகாப்பு. அதற்கு மேல் தேவைப்படும் இடத்தில்தான் மருந்து.

காடுகளில் இருக்கும் முதிர்ந்த மரங்களை வெட்டி வேலிக்கால் நடும் காலம் முடிந்துவிட்டது. இனி நமக்குக் கிடைக்கப் போவது பெரும்பாலும் தோட்டத்து இளம் மரம்தான். 5 வருஷத்தில் போகிற கம்பம் 20 வருஷம் நின்றால், அந்த இடத்துக்காக வெட்டப்படும் மரம் 4-லிருந்து 1 ஆகக் குறையும். காமேசம் தொடங்கிய வேலையின் பலன் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அதைப் பாஷாணம் இல்லாமல் சாதிப்பதுதான் இன்றைய ஆய்வாளர்களுக்கு முன்னால் இருக்கும் வேலை.